இமாம்பசந்து வைத்தோம், புளிமாங்காய் காய்த்தது: ஒரு வீட்டு மாமரத்தின் நிகழ்வு ஆய்வு

ராஜபாளையத்தில் என் அக்கா வீட்டுப் பின்வாசலில் நிற்கும் மாமரம் இது. 2014 ஆடியில் இமாம்பசந்து என்று சொல்லி வாங்கி வைத்த ஒட்டுக்கன்று. 2021 வைகாசியில்தான் முதன்முதலாகக் காய்த்தது. காய் கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. பழுத்த பிறகும் புளிப்பு போகவில்லை. கடித்தால் பல்லிடுக்கெல்லாம் நார். தோலை ஒட்டி ஒரு வார்னிஷ் வாடை வேறு.

"தம்பி, ஏழு வருசம் தண்ணி ஊத்தி வளத்தது காட்டு மாங்காடா. ஊறுகாய்க்குக்கூட ஆகாது. நர்சரிக்காரன் நல்லா ஏமாத்திட்டான்" என்று அக்கா போனில் பொரிந்து தள்ளினாள். அடுத்த வருடமும் அதே காய்தான். 2022 மே மாதம் நேரில் போய்ப் பார்த்தேன். அன்று தொடங்கி 2025 வரை அந்த மரத்துக்கு நடந்ததுதான் இந்தக் குறிப்பு. எனக்குத் தோட்டக்கலைப் பட்டம் எதுவும் இல்லை. நாற்றங்கால் வைத்திருந்த நண்பர் ஒருவரிடம் ஒட்டுக்கட்டக் கற்றுக்கொண்டவன், அவ்வளவுதான்.

ராஜபாளையத்தில் மாம்பழத்துக்குப் பஞ்சமில்லை. மலையடிவாரத் தோப்புகளிலிருந்து சப்பட்டையும் பஞ்சவர்ணமும் வந்து குவிகிற ஊர். அங்கே இருந்துகொண்டு இமாம்பசந்து ஏன் என்றால், அத்தான் திருச்சியில் வேலை பார்த்தவர். காகிதம் போன்ற தோல், நாரே இல்லாத சதை, கையில் எடுத்தால் கனக்கிற பழம் என்று அந்த ருசி அவர் நாக்கிலேயே தங்கிவிட்டது. ஆந்திரா, தெலங்கானா பக்கம் இதையே ஹிமாயத் என்பார்கள். காய்ப்பில் கஞ்சத்தனமான ரகம், ஒரு வருடம் காய்த்தால் மறு வருடம் ஏய்த்துவிடும். அத்தானுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. "வருசத்துக்கு பத்து பழம் போதும் மாப்ள, நம்ம மரத்துப் பழமா இருக்கணும்" என்பார்.

பார்த்த அன்று மரம் எப்படி இருந்தது

ஏறக்குறைய 22 அடி உயரம். செம்மண்ணும் சரளையும் கலந்த தரை. குளியலறைத் தண்ணீர் வாய்க்கால் பக்கத்திலேயே ஓடுவதால் ஈரத்துக்குக் குறையில்லை. இலைகள் கரும்பச்சை, நோய் நொடி இல்லை. இடுப்பளவு உயரத்தில் வடக்கே பார்த்து ஒரே ஒரு கிளை. அதற்கு மேல் எட்டடி வரை கிளையே இல்லாமல் விளக்குக் கம்பம் போல நேராகப் போய், பிறகுதான் குடை விரித்திருந்தது.

பார்த்ததுமே எனக்கு உறுத்தியது அந்த நேரான வளர்ச்சிதான். ஒட்டுமரம் இப்படி வளராது. தாழ்வாகவே கிளை பிரிந்து பக்கவாட்டில் படரும், மூன்று நான்கு வருடத்தில் பூவெடுக்கும். கொட்டை முளைத்த மரம்தான் முதலில் வானத்தைப் பார்த்து ஓடும். ஆறிலிருந்து பத்து வருடம் ஆகும், அப்புறம்தான் காய்ப்பைப் பற்றி நினைக்கும். ஏழாவது வருடம் காய்த்தது என்ற அக்காவின் கணக்கும் அந்தப் பக்கமே கை காட்டியது.

அடிமரத்தில் மூன்று ஆணிகள் இருந்தன. காய்க்காத மரத்துக்கு ஆணி அடித்தால் காய்க்கும் என்று பக்கத்து வீட்டுத் தாத்தா சொன்னாராம். பழைய செருப்பும் விளக்குமாறும்கூடக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். 2020 பொங்கலுக்கு முன் அத்தான் அரிவாளை எடுத்துக்கொண்டு போய், "இந்த வருசம் காய்க்கலைன்னா வெட்டிருவேன்" என்று மரத்தை மிரட்டிய கதையை அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள். அடுத்த வருடம் காய்த்துவிட்டதால் இந்த வைத்தியத்தை இன்றுவரை அத்தான் நம்புகிறார். நானும் வாதாடவில்லை.

மூன்று சந்தேகம்

ஒட்டுக்கன்று என்று வாங்கியது வேறு பழம் காய்த்தால் மூன்றில் ஒன்றுதான் நடந்திருக்கும். வெறும் கொட்டைக் கன்றை ஒட்டு என்று விற்றிருக்கலாம். அப்படியானால் அடிமரத்தில் ஒட்டிய தடமே இருக்காது. இல்லை, ஒட்டுதான், ரகத்தை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்றால் தடம் இருக்கும், அதற்கு மேல் தண்டு ஒரே தொடர்ச்சியாகப் போகும், காய்ப்பதும் நீலமோ கிளிமூக்கோ செந்தூரமோ பேர் தெரிந்த பழமாக இருக்கும். மூன்றாவது, மேலே ஒட்டிய குச்சி செத்துப்போய், அடியில் இருந்த வேர்ச்செடி துளிர்த்து மரமாகிவிடுவது.

அக்கா முதல் கட்சி. உண்மையைச் சொன்னால் நானும் முதலில் அந்தக் கட்சிதான்.

வேர்ச்செடி என்றால் என்ன என்று அத்தான் கேட்டதால் இங்கேயும் சொல்லிவிடுகிறேன். மாங்கொட்டையை முளைக்கவைத்து வளர்க்கும் நாற்றுதான் வேர்ச்செடி, அதன் தலையை வெட்டிவிட்டு வேண்டிய ரகத்துக் குச்சியை அதன்மேல் ஒட்டுவார்கள். கொட்டை பழத்திலிருந்து எடுத்த ஒரு மாதத்துக்குள் முளைக்கும் திறனை இழந்துவிடும். அதனால் மாம்பழக் காலத்திலேயே விதைத்தாக வேண்டும். நாற்றங்கால்காரர்கள் ரகம் பார்க்க மாட்டார்கள், மாங்கூழ் ஆலையில் மிஞ்சியதோ நாட்டு மாங்கொட்டையோ எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை வாங்கி விதைப்பார்கள். வேருக்குத்தானே, எந்தக் கொட்டையாக இருந்தால் என்ன என்பது அவர்கள் நியாயம். அதில் தப்பும் இல்லை. நம் ஊர் ரகங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கொட்டைக்குள் ஒரே ஒரு கருதான். அது அயல்மகரந்தத்தில் பிறந்த பிள்ளை, தாயைப் போல இருக்க வேண்டிய கட்டாயமில்லை. கேரளத்து ஓலூர், சந்திரக்காரன் மாதிரி சில ரகங்களில் மட்டும் ஒரு கொட்டையிலிருந்து பல முளை வரும், அவற்றில் தாயை அப்படியே உரித்து வைத்ததும் இருக்கும். ஆகவே வேர்ச்செடி தலையெடுத்துவிட்டால் அது காய்ப்பது நம் அதிர்ஷ்டம். அக்காவின் அதிர்ஷ்டம் புளிப்பாக இருந்தது.

அடியில் கிடைத்தது

ஒட்டுத் தடத்தைத் தேடி அடிமரத்தைச் சுற்றி வந்தேன். எதுவும் தெரியவில்லை. ஆனால் மரம் மண்ணுக்குள் இறங்கும் இடம் சரியாக இல்லை. அடிமரம் வேரோடு சேரும் இடத்தில் கொஞ்சம் அகன்று இறங்க வேண்டும், இது கம்பத்தை நட்டது போல நேராக மண்ணுக்குள் போனது. எட்டு வருடமாகக் காய்கறித் தோல், சருகு, உடைந்த செங்கல் என்று எல்லாவற்றையும் "மரத்துக்கு உரமா இருக்கட்டும்" என்று தூரிலேயே கொட்டியிருக்கிறாள் அக்கா. ஒரு சாணுக்கு மேடு.

களைக்கொத்தால் மெதுவாக மண்ணை விலக்கினேன். அரையடி இறங்கியதும் அடிமரத்தில் ஒரு நெளிவு தெரிந்தது, மடக்கிய முழங்கை போல. நேராக மேலே வந்த தண்டு அங்கே ஒரு பக்கம் விலகி, பிறகு திரும்ப நிமிர்ந்திருக்கிறது. நெளிவின் மறுபக்கம், முழங்கையின் முனை இருக்க வேண்டிய இடத்தில், கட்டைவிரல் நுழைகிற அளவு ஒரு குழி. சுற்றிலும் பட்டை உதடு போல உருண்டு, குழியைப் பாதி மூடியிருந்தது. உள்ளே கறையான் தின்று மிச்சம்வைத்த செத்தை. பேனாக்கத்தி முனையால் அதைக் கிளறினேன். வெள்ளையாக ஏதோ மாட்டியது. வேர் என்று நினைத்து இழுத்தால் சுருள் சுருளாக வந்தது. பிளாஸ்டிக் டேப்.

ஒட்டுக்கட்டும்போது சுற்றுகிற பாலித்தீன் நாடா. மரம் மக்கிவிட்டது, டேப் எட்டு வருடத்துக்குப் பிறகும் புதுசு போல இருந்தது.

அப்படியானால் கன்று ஒட்டுக்கன்றுதான். நர்சரிக்காரர் ஏமாற்றவில்லை. மூன்றாவது கட்சி ஜெயித்துவிட்டது. ஒட்டிய இடத்துக்குக் கொஞ்சம் கீழே, வேர்ச்செடியின் பக்கமொட்டு ஒன்று துளிர்த்து, செத்துப்போன தலைமகனின் இடத்தை எடுத்துக்கொண்டது. அந்த நெளிவு அதற்கான சாட்சி.

"அப்ப அந்தக் குச்சி எப்பத்தான் செத்துச்சு?" என்று கேட்டாள் அக்கா. யோசித்துப் பார்த்து அவளே பதிலும் சொன்னாள். 2015 கோடையில் மகள் வீட்டுக்குக் கோவை போய் ஒரு மாதம் தங்கியிருக்கிறார்கள். திரும்பி வந்து பார்த்தால் கன்று காய்ந்து நின்றதாம். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, ஒரு மழையும் பெய்த பிறகு அடியிலிருந்து செக்கச்செவேலென்று துளிர் கிளம்பியிருக்கிறது. "பொழச்சிருச்சுன்னு மாரியம்மனுக்குத் தேங்காய் உடைச்சேன்டா" என்றாள். பிழைத்தது வேறொருவர் என்பது அப்போது யாருக்குத் தெரியும்.

ஒரு மாதத் தண்ணீர் இல்லாமல் போனது மட்டுமே காரணமா என்று எனக்குச் சந்தேகம் தீரவில்லை. தண்ணீர்தான் காரணம் என்றால் வேரும் சேர்ந்தல்லவா வாடியிருக்க வேண்டும்? வேர் உயிரோடு இருந்து ஒட்டுக்கு மேலே மட்டும் காய்ந்திருக்கிறது. அக்கா மகளின் தலைப்பொங்கலுக்கு, 2015 ஜனவரியில், பின்வாசலில் எடுத்த போட்டோ ஒன்றை ஆல்பத்திலிருந்து எடுத்து வந்தார் அத்தான். புதுப்பொண்ணு மாப்பிள்ளை, பொங்கல் பானை, கரும்பு. ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு மாங்கன்று. கன்றின் தண்டில் வெள்ளையாக டேப். கன்றுக்குப் பக்கத்தில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பெரிய வல்லுநர் போல நிற்பது நான்.

அந்தக் கன்றை 2014-ல் குழி தோண்டி நட்டதே நான்தான் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. "டேப்பை இப்ப எடுக்க வேண்டாம், நான் அடுத்த தடவை வரும்போது எடுக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவனும் நான்தான். அடுத்த தடவை வந்தபோது பொங்கல் சாப்பிட்டுவிட்டு, போட்டோவுக்கு நின்றுவிட்டு, டேப்பை மறந்துவிட்டுப் போயிருக்கிறேன்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அத்தான்தான், "ஏன் மாப்ள, நர்சரிக்காரனை எத்தனை வருசமா திட்டிக்கிட்டு இருக்கோம்" என்றார்.

டேப் என்ன செய்திருக்கும்

இலையில் தயாராகிற உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. தண்டு பருக்கும்போது டேப் பருக்காது, அரைஞாண் இறுகுவது போலப் பட்டையை இறுக்கும். டேப்புக்கு மேலே உணவு தேங்கி வீங்கும். கீழே வேர் பட்டினி கிடக்கும். கட்டும் இடமோ புதிதாகச் சேர்ந்த எலும்பு மாதிரி, அங்கேயே சுருக்கு விழுந்தால் மேலே போகிற தண்ணீருக்கும் தடை. நல்ல நாளில் எப்படியோ சமாளிக்கும். சித்திரை வெயிலில், ஊற்ற ஆள் இல்லாத ஒரு மாதத்தில், மேல்பகுதி முதலில் போய்விடும். வேர்ச்செடி தன்னிடம் மிச்சமிருந்த சேமிப்பை வைத்துக்கொண்டு கீழிருந்து துளிர்க்கும்.

கன்று நட்டு இரண்டு மூன்று மாதத்தில், புதுத் துளிர் முற்றி ஒட்டு கெட்டிப்பட்டதும், பிளேடால் டேப்பின் ஒரு பக்கத்தைக் கீறிவிட்டால் போதும். உரித்து எடுக்கக்கூட வேண்டாம். ஒரு நிமிட வேலை.

இத்துடன் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஒட்டிய இடம் எப்போதும் மண்ணுக்கு மேலே, கண்ணில் படுகிற மாதிரி இருக்க வேண்டும். குப்பையும் மண்ணும் ஏற ஏற அது மறைந்துவிட்டது. அது வெளியே தெரிந்திருந்தால், காய்ந்த குச்சி ஒரு பக்கமும் அடியிலிருந்து கிளம்பிய துளிர் ஒரு பக்கமும் என்று 2015-லேயே யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். வேறு கன்று வைத்திருந்தால் 2019-ல் அத்தான் பழம் தின்றிருப்பார். மட்கிய எருவைத் தூரை ஒட்டிக் கொட்டாமல், கிளையின் நிழல் விழும் வட்டத்தில் பரப்பிக் கிளறிவிட்டிருந்தால் வேருக்கும் நல்லது. உறிஞ்சுகிற வேர் இருப்பது அங்கேதான்.

வெட்டுவதா, மாற்றுவதா

வெட்டிவிட்டுப் புதுக்கன்று வைக்கலாம் என்றார் அத்தான். எனக்கு மனம் ஒப்பவில்லை. குற்ற உணர்ச்சி ஒரு பக்கம் இருந்தாலும், சரளைத் தரையில் எட்டு வருடம் வேர் இறக்கிய மரத்தை எறிவது வீண். தலையை வெட்டி, புதுத்துளிர் வரவைத்து, அந்தத் துளிர்களில் வேண்டிய ரகத்தை ஒட்டிக்கொள்ளலாம். பழைய மாந்தோப்புகளில் ரகம் மாற்றுவதற்குச் செய்கிற வேலைதான், வீட்டு மரத்துக்கும் பொருந்தும். கூடுதல் லாபம், 22 அடி மரம் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்துவிடும்.

2022 ஆவணியில் வெட்டினோம். நாலடி உயரத்தில் அடிமரத்தை அறுத்தபோது ரம்பம் நறநறவென்று ஒரு ஆணியில் மாட்டியது. தாத்தாவின் வைத்தியம். பல் போன ரம்பத்துக்கு மரவெட்டிக்காரர் தனியாகக் காசு வாங்கிக்கொண்டார். வடக்கே பார்த்த அந்த ஒற்றைக் கிளையை மட்டும் வெட்டவில்லை. முழுமொட்டையாக்கினால் வேருக்குச் சோறு போட இலையே இருக்காது. ஒரு கிளையாவது இருந்தால் மரம் தாக்குப்பிடிக்கும். அதைத் தாய்க்கிளை என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

வெட்டுவாயில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க போர்டோ பசை பூசினோம். 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை அரை லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்து, பிளாஸ்டிக் வாளியில் ஒன்றாக ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புச் சட்டி கூடாது. கலந்த பிறகு ஒரு அரிவாள் நுனியை முக்கி எடுத்துப் பார்ப்பது பழைய வழக்கம். நுனியில் செம்புநிறம் படிந்தால் துத்தம் தூக்கலாக இருக்கிறது, இன்னும் சுண்ணாம்பு வேண்டும். மரத்தை மிரட்டிய அதே அரிவாளை அத்தான் இதற்குக் கொண்டுவந்தார். குடை போன தெற்கு, மேற்குப் பக்கத்து அடிமரத்துக்கு வெள்ளையடித்தோம். நிழலிலேயே இருந்த பட்டை திடீரென்று வெயிலைப் பார்த்தால் வெடித்துவிடும், வெடிப்பில் தண்டுத்துளைப்பான் வண்டு முட்டையிடும். பட்டையில் மரத்தூள் உதிர்ந்து கிடக்கிறதா என்று வாரத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லிவிட்டு வந்தேன். ஒரே ஒரு முறை இருந்தது. சைக்கிள் கம்பியை வளைத்துப் புழுவை இழுத்துப்போட்டு, ஓட்டையைக் களிமண்ணால் அடைத்தாள் அக்கா.

மாம்பால் பட்டு என் முழங்கை கொப்பளித்ததையும் எழுதிவைக்க வேண்டும். முந்திரிக் குடும்பத்து மரம் இல்லையா. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வெட்டியிருக்கலாம்.

முதல் சுற்று: ஆறுக்குப் பூஜ்யம்

ஒன்றரை மாதத்தில் வெட்டுவாயைச் சுற்றி இருபதுக்கு மேல் துளிர் வந்தது. எல்லாத் திசையிலும் பரவலாக இருக்கிற மாதிரி எட்டை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளி எறிந்தோம். 2023 மார்ச்சில் அவை பென்சில் கனத்துக்கு வந்தன. திருச்சியில் அத்தானின் நண்பர் வீட்டில் நல்ல இமாம்பசந்து மரம் ஒன்று இருக்கிறது. குச்சி வெட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு, மத்தியானப் பேருந்தில் கொண்டுவந்தார். வந்து சேர்ந்தபோது பைக்குள் வியர்த்திருந்தது. குச்சியின் பட்டையைக் கீறினால் பச்சை இல்லை, பழுப்பு. அதைப் பார்த்தும் ஒட்டினேன். எடுத்த வேலையை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். ஆறு குச்சி கட்டினேன், மூன்று வாரத்தில் ஆறும் கருகிவிட்டன.

மூன்று தப்பு நடந்திருக்கிறது. பங்குனி வெயிலில் காற்றில் ஈரம் கிடையாது. குச்சியை முன்கூட்டியே தயார்படுத்தவில்லை. கொண்டுவந்த விதமும் மோசம். ஒட்டத் தெரியும் என்கிற தெம்பில் ஒட்டுவதற்கு முந்தைய வேலைகளை விட்டுவிட்டேன்.

இரண்டாம் சுற்று

வைகாசிக் கடைசியில் எட்டுக் கொம்புகளையும் ஒரு சாண் விட்டு வெட்டிவிட்டோம். ஆடியில் செம்பு நிறத்தில் புதுத்துளிர் நின்றது. தென்மேற்குச் சாரல் காற்றும் மலைப்பக்கமிருந்து வீசத் தொடங்கியிருந்தது. ஒட்டுக்கட்ட அதுதான் காலம்.

இந்த முறை திருச்சி நண்பரிடம் பத்து நாளைக்கு முன்பே சொல்லிவைத்தோம். மூன்று நான்கு மாத வயதுள்ள, இன்னும் துளிர்க்காத நுனிக் குச்சிகளைத் தேர்ந்து, மரத்திலேயே வைத்து இலைகளை மட்டும் நறுக்கிவிட்டார், காம்பு அப்படியே இருந்தது. இலை போனதும் நுனிமொட்டு விழித்துக்கொண்டு புடைக்கும். காம்பைத் தொட்டால் உதிர்கிற நிலையில் குச்சியை வெட்ட வேண்டும். வெட்டியதை ஈரச்சாக்கில் பொதிந்து, வாழைப்பட்டையில் சுருட்டி, ராத்திரிப் பேருந்தில் வந்தார் அத்தான். விடிகாலை ஆறு மணிக்கு ஒட்ட ஆரம்பித்தோம்.

துளிர்த்த கொம்பின் நுனியை வெட்டி, நடுவே ஒன்றரை அங்குல ஆழத்துக்குப் பிளவு. குச்சியின் அடியை இரண்டு பக்கமும் சீவி ஆப்பு. பிளவில் செருகும்போது இரண்டின் பட்டைக்கு அடியில் இருக்கிற அந்தப் பச்சை வழவழப்பு ஒரு பக்கமாவது ஒன்றோடொன்று பொருந்த வேண்டும், அதில்தான் எல்லாம் இருக்கிறது. குச்சி மெலிவாக இருந்தால் நடுவில் வைக்காமல் ஒரு ஓரத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். டேப்பால் இறுக்கிக் கட்டி, பாக்கெட் ஐஸ் அடைத்து விற்கிற நீளமான பையைத் தலைகீழாகக் குல்லாய் மாட்டி அடியில் முடிச்சு. பெட்டிக்கடையில் இருபது பையை அக்கா சும்மாவே வாங்கி வந்திருந்தாள்.

எட்டில் ஐந்துதான் இமாம்பசந்து. மூன்றில் சப்பட்டை. இது அக்காவின் ஏற்பாடு. "உங்க அத்தானுக்கு திருச்சிப் பழம், எனக்கு எங்கூருப் பழம்" என்றாள். அடிவாரத் தோப்பில் வெட்டிய குச்சி அரைமணி நேரத்தில் மரத்தில் ஏறிவிட்டது. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் சப்பட்டை மூன்றுக்கு மூன்று. இமாம்பசந்து ஐந்துக்கு மூன்று. குச்சிக்கும் கத்திக்கும் நடுவே கடக்கிற நேரம்தான் பலனைத் தீர்மானிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. எண்ணிக்கை எட்டுதான், அதை வைத்துச் சட்டம் எழுத முடியாது.

மொட்டு குல்லாயை முட்டியதும் முதலில் நுனியில் சின்ன ஓட்டை, நாலு நாள் கழித்துக் குல்லாயைக் கழற்றல். டேப்பைக் கீறும் வேலையை இந்த முறை என்னை நம்பி விடவில்லை. தினசரி காலண்டரில் ஐப்பசி மாதத்துத் தாள் ஒன்றில் அக்கா பெரிய எழுத்தில் "டேப்பு" என்று எழுதிவைத்து, அன்று காலையிலேயே போன் செய்து, நான் சொல்லச் சொல்ல பிளேடால் அவளே கீறினாள்.

அதன் பிறகு

ஒட்டிய கொம்புகள் வேகமாக ஓடின. பழைய அடிமரத்துப் பட்டையிலிருந்து கிளம்பிய துளிர் மரத்தோடு ஆழமாகப் பிடித்திருக்காது, ஆடிக்காற்றில் பிய்த்துக்கொண்டு போகும். 2024 ஆடியில் ஒவ்வொன்றுக்கும் மூங்கில் குச்சி கொடுத்துக் கட்டினோம். அப்படியும் சப்பட்டைக் கொம்பு ஒன்று முறிந்தது. மிச்சம் ஐந்து.

2025 தை கடைசியில் பூவெடுத்தது. ஒரு பூங்கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ இருந்தாலும் பாதிக்குமேல் ஆண்பூ. நூற்றுக்கு ஒன்றுகூடக் காயாகத் தங்காது. அக்கா பூவைப் பார்த்துவிட்டுப் பந்திக்கு ஆள் கணக்குப் போட்டதால் இதைச் சொல்ல வேண்டியதாயிற்று. இமாம்பசந்துக் கொம்புகளில் ஒரே ஒரு கொத்தை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளச் சொன்னேன், கொம்பு இன்னும் பாரம் தாங்காது. துவைகல் பிசுபிசுவென்று ஒட்டுகிறது என்று அவள் சொன்னபோது தத்துப்பூச்சி வந்துவிட்டது என்று புரிந்தது. பூச்சாறை உறிஞ்சிவிட்டுத் தேன் போலக் கழிப்பது அதன் வேலை. பூ விரியுமுன் வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கரைத்துச் சாயங்காலம் அடித்தாள். பூ விரிந்த பிறகு எதையும் அடிக்கவிடவில்லை. மாம்பூவுக்கு மகரந்தம் சேர்ப்பது பெரும்பாலும் ஈக்கள்தான், அவற்றையும் சேர்த்துக் கொன்றுவிடுவோம்.

ஆனியில் சப்பட்டையில் நான்கு பழம். இமாம்பசந்தில் ஒன்று, பழைய சட்டைத்துணியில் பை தைத்து அணிலிடமிருந்து காப்பாற்றியது. தராசில் 430 கிராம். அத்தான் அதை வெட்ட மூன்று நாள் நாள்பார்த்தார். ஒரு கீற்று வாயில் போட்டுக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "திருச்சிப் பழம் இன்னும் கொஞ்சம் இனிப்பா இருக்கும்" என்றார். முதல் காய்ப்பு அப்படித்தான் என்றேன். அக்கா, "கொட்டையைத் தூக்கிப் போடுங்க, அதை வேற முளைக்க வச்சிராதீங்க" என்றாள்.

ஒரு விவகாரம் மட்டும் இன்னும் தீரவில்லை. தாய்க்கிளையை 2024-லேயே வெட்டியிருக்க வேண்டும். ஒட்டுக் கொம்புகள் தலையெடுத்த பிறகு அது வேண்டாத சுமை. வேர்ச்செடியின் சொந்தக் கிளை என்பதால் விட்டால் மற்றதை அமுக்கிவிட்டு மேலே போகும். நான் ரம்பத்தோடு போனபோது அக்கா குறுக்கே நின்றாள். 2024 மாசியில் அந்தக் கிளையில் கொத்துக் கொத்தாகப் பிஞ்சு பிடித்து, காற்றுக்கு உதிர்ந்ததைப் பொறுக்கி வடு போட்டிருக்கிறாள். கெட்டிக் காம்பு, நல்ல புளிப்பு, வாசனை தூக்குகிறது. ஊறுகாய்க்குக்கூட ஆகாது என்றவள் அதே மரத்து வடுவை இரண்டு ஜாடி போட்டுத் தெருவுக்கே கொடுத்திருக்கிறாள். வருடா வருடம் ஆடியில் கிளையைப் பாதியாகக் குறைத்துவிட வேண்டும், அடிமரத்தில் முளைக்கிற துளிரை விரலாலேயே கிள்ளிவிட வேண்டும் என்ற நிபந்தனையில் விட்டுவைத்திருக்கிறேன். கிளையை வெட்டுவதுதான் சரி என்று இன்றைக்கும் சொல்வேன். போன மாசி போனபோது அவள் கொடுத்துவிட்ட வடு ஜாடி என் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது, கழுத்துவரை காலி.